பெயர் வேண்டாம், பாகத்தைக் காட்டுங்கள்
குழாய் உதிரிப் பாகம் வாங்க ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினால், பழையதைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப்போய் கடை மேசையில் வையுங்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். குழாயைத் திருப்பும் வளைவு மூட்டான ‘எல்போ’வை ‘எல்பா’ என்றாலும் கடைப் பையனுக்குப் புரியும், சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவான். இரண்டு குழாயை நேராக இணைக்கும் ‘சாக்கெட்’ என்றால்தான் வம்பு, சுவிட்ச் போர்டு பக்கம் போய்விடுவான்! அளவு இன்னும் மோசம்: யூபிவிசி, சிபிவிசி என்று பிளாஸ்டிக் குழாயில் இரண்டு வகை; அரை இஞ்ச் யூபிவிசி குழாயின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல், அதே அரை இஞ்ச் சிபிவிசிக்குச் சுமார் 16தான். ஒன்றில் மற்றொன்று சேராது, 20 கொண்டை ஊசி வளைவையும் மறுபடி இறங்க வேண்டியதுதான்.

பசை போட்டு ஒட்டிய மூட்டு கழன்று வராது. அதற்கு, குழாய் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.