கோழியைத் தூக்கியது யார் என்று தெரிந்துகொண்டு வலை வாங்குங்கள்

கூண்டில் கோழி குறைந்தால் பழி முதலில் கீரி மேல்தான் விழும். ஆனால் கீரி பகலில் திரிகிற பிராணி. விடியற்காலையில் கதவைத் திறக்கும்போது கோழி செத்துக் கிடக்கிறது என்றால் வந்தது பெரும்பாலும் மரநாயாகவோ புனுகுப்பூனையாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கும், தெருநாயாகக்கூட இருக்கலாம். ஆள் யாரென்று தெரியாமல் செலவு செய்தால் கீழே சிமெண்ட் பூசிவிட்டு மேலே ஓட்டு இடுக்கைத் திறந்தே வைத்திருப்போம்.

அதனால் செத்ததைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கழுத்தைக் கடித்து ஒன்றுக்கு மேல் கொன்று போட்டிருக்கிறது, அதுவும் பட்டப்பகலில் என்றால் கீரி. ராத்திரி வந்து தலை, கழுத்து, நெஞ்சுப் பக்கம் தின்றுவிட்டு மிச்சத்தை அங்கேயே விட்டிருந்தால் மரநாய் அல்லது புனுகுப்பூனை. மரநாய் மரமேறி, கூரை வழியாக இறங்கும். புனுகுப்பூனை தரையோடு வரும். முழுக் கோழியும் காணோம், வேலியோரம் கொஞ்சம் இறகு மட்டும் கிடக்கிறதா, காட்டுப்பூனையைச் சந்தேகப்படலாம். நாலைந்து கோழியைக் கடித்துக் குதறிவிட்டு எதையும் ஒழுங்காகத் தின்னாமல் போயிருந்தால் அது நாய் வேலை. குஞ்சு செத்துக் கிடக்கிறது, தலைப்பக்கம் மட்டும் ஈரமாக இருக்கிறது என்றால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பியிருக்கிறது. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. குஞ்சின் காலைக் கொறித்து வளைக்குள் இழுத்திருந்தால் பெருச்சாளி, அதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இது எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் தொடங்க இது போதும். ஈர மண்ணையோ சாம்பலையோ கூண்டைச் சுற்றித் தூவி வைத்தால் மறுநாள் கால் தடம் கிடைக்கும். அநேகமாக மறுநாள் ராத்திரியும் அது வரும், ஒரு முறை ருசி கண்ட இடத்தை விடாது.

சரி, கூண்டுக்கு வருவோம். கடையில் கோழி வலை என்று தருகிற அந்த ஆறுமூலைக் கண்ணி வலை கோழியை உள்ளே வைப்பதற்குத்தான், வெளியே இருந்து வருவதைத் தடுப்பதற்கு இல்லை. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும், சின்னப் பாம்பு கண்ணி வழியாகவே நுழையும். வாங்குவதானால் அரை இஞ்ச் கட்டம் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ராத்திரி அடைகிற கூண்டுக்கு மட்டும் போட்டால் போதும், மேய்கிற இடம் முழுக்கத் தேவையில்லை. ஆணியை வளைத்து அடிக்காமல் சட்டத்தின் மேல் பட்டை வைத்து அழுத்தித் திருகு போடுங்கள், இல்லாவிட்டால் மூலை மட்டும் தளர்ந்துகொண்டே வரும். ஒரு பிராணியின் தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கதவு இடுக்கையும் கூரை ஓரத்தையும் பாருங்கள்.

தரை மண்ணாக இருந்தால் தோண்டி வரும். சிமெண்ட் போட வசதி இல்லையென்றால், சுவரோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு வலையைத் தரையில் படுக்க வைத்து மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் ஆரம்பிக்கும், வலை தட்டியதும் பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. இரண்டு மூன்று அடி உயரக் காலில் நிற்கிற கூண்டு இன்னும் நல்லது, எச்சம் கீழே விழுந்துவிடும், கால்களில் வழவழப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் பெருச்சாளியும் ஏறாது. மரநாய் தொல்லை இருந்தால் கூரைக்கு மேல் தொங்குகிற மாமரக் கிளையை வெட்டாமல் வேறு என்ன செய்தாலும் வீண்.

எத்தனை நல்ல கூண்டு கட்டினாலும் முருங்கை மரத்தில் ஏறித் தூங்குகிற கோழியைக் காப்பாற்ற முடியாது. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, மரநாயும் கோட்டானும் எளிதாகப் பிடித்துவிடும். சாயங்காலத் தீனியைக் கூண்டுக்குள் மட்டும் போடுங்கள், கம்போ நொய்யோ எதுவானாலும். சில நாளில் தானாக வந்து அடையும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக் கொண்டியில் ஒரு பூட்டோ கம்பியோ மாட்டிவிடுங்கள். கோழி போகிற வீடுகளில் பாதிக்குமேல் இந்தக் கதவு விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

குஞ்சுகளின் கதை வேறு. அவற்றுக்கு ஆபத்து வானத்திலிருந்து. பருந்து, வல்லூறு, காகம் மூன்றும் பகலில் வரும், முதல் ஆறேழு வாரம்தான் மோசம். அதுவரை தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்துவிடுவது பழைய வழி, இன்றும் அதுவே சிறந்தது. வெளியே விடும்போது தென்னங்கீற்றுத் தட்டிகளை அங்கங்கே சாய்த்து வையுங்கள், தாய் கத்தியதும் ஓடி ஒளிய இடம் வேண்டும். பழைய சிடி, மினுக்குத் தாள் கட்டுவதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், பறவைகள் பழகிவிடும், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கினிக்கோழி இரண்டு வளர்த்தால் எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வாரா என்பது உங்கள் பாடு.

பாம்புக்குச் சிறியாநங்கை நடுவது, ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவது இதையெல்லாம் நம்பிக் கூண்டை விட்டுவிடாதீர்கள். பாம்பு எலிக்கும் முட்டைக்கும் வருகிறது. தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், முட்டையை இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள், கூண்டுப் பக்கம் செங்கல், விறகு குவிக்காதீர்கள். பழைய மீன் வலையைத் தரையோடு கட்டாதீர்கள், பாம்பு சிக்கிக்கொண்டால் அதை எடுக்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து. உள்ளே நல்ல பாம்பு இருந்தால் தடியைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

பயிருக்குப் போடும் குருணைப் பூச்சி மருந்தைக் கறியில் கலந்து வைப்பது பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதைத் தின்று சாவது உங்கள் நாயும் பக்கத்து வீட்டுப் பூனையும் காகமும்தான். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் வழக்கு. வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது அதைவிடக் கொடுமை, மனிதர்களே செத்திருக்கிறார்கள். பொறி வைத்துப் பிடித்து வேறு ஊரில் கொண்டுபோய் விடுவதற்கும் உங்களுக்கு அனுமதி கிடையாது, காலியான இடத்துக்கு இன்னொன்று வரத்தான் போகிறது.

வால்பாறை, கூடலூர் மாதிரி காட்டை ஒட்டிய ஊர்களில் ஆடு, நாய் வைத்திருப்பவர்களுக்குச் சிறுத்தை கவலை இருக்கும். வலையும் கீற்றும் அங்கே எடுபடாது. நாலு பக்கமும் சுவர், மேலே உறுதியான கூரை, தாழ் போடும் கதவு வேண்டும். நாயையும் வாசலில் கட்டாமல் உள்ளே அடையுங்கள். ஆட்டை அடித்துவிட்டால் உடலை நகர்த்தாமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழப்பீடு உண்டு, கால்நடை மருத்துவரின் சான்று கேட்பார்கள், புதைத்த பிறகு போனால் அந்தச் சான்று கிடைப்பது கஷ்டம்.