பிரிந்த நண்பர்களைச் சேர்த்து வைப்பது எப்படி: அனிமேஷன் தொடர் எழுதுபவர்களுக்கு

உயிருக்குயிராக இருந்த இரண்டு கதாபாத்திரங்கள் எதிரெதிர்ப் பக்கம் போய்விட்டால், "இவங்க மறுபடி சேருவாங்களா?" என்று பார்வையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். எழுதுபவர் அந்தக் கேள்வியில் தொடங்கக் கூடாது. எது முறிந்தது, யார் முறித்தார், அதனால் யாருக்கு என்ன போனது என்பது தெளிவானால், சேர வழி இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். கடைசி எபிசோடில் கட்டிப்பிடிப்பது என்று முதலில் முடிவு கட்டிவிட்டுப் பின்னோக்கி எழுதும் கதைகளில்தான் சமரசம் ஒட்டாமல் நிற்கிறது.

முறிவின் வகையை முதலில் பிடியுங்கள்

வெறும் தவறான புரிதலால் வந்த பிரிவென்றால் அதற்கு 22 நிமிட எபிசோடு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதுக்கு இழுத்தால், "ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்ற எரிச்சல் கதாபாத்திரத்தின் மேல் வராது, எழுதியவர் மேல்தான் வரும். ஒரு முழு சீசனைத் தாங்க வேண்டிய பிரிவுக்கு அடியில் உண்மையான சேதம் இருக்க வேண்டும்.

புறக்கணிப்பு இன்னொரு வகை. இதில் செய்தவருக்குத் தான் செய்தது தவறு என்றே நெடுநாள் உறைக்காது. 'மை லிட்டில் போனி'யின் ஐந்தாவது சீசனில் (2015) மூன்டான்சர் கதை இப்படித்தான் போகிறது. படிப்பு முக்கியம் என்று தொடரின் நாயகி ட்வைலைட், தோழி மூன்டான்சரின் விருந்துக்கு வராமல் போனாள், பிறகு ஊரையே விட்டுப் போனாள். அவளுக்கு அது சின்ன விஷயம். மூன்டான்சருக்கோ அதன் பிறகு யாரையும் நம்ப முடியவில்லை. இந்த வகையில் மருந்து, சேதம் எவ்வளவு பெரியது என்று செய்தவர் உணர்வதுதான். பரிசும் பாசப் பேச்சும் அதற்கு ஈடாகாது.

நிர்ப்பந்தத்தால் வந்த பிரிவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். 'தி ஆவ்ல் ஹவுஸ்' முதல் சீசனில் (2020) அமிட்டி தன் தோழி வில்லோவோடு நட்பை முறித்தது, தன் பெற்றோர் மிரட்டியதால். அந்த உண்மை வெளியே வந்த பிறகும் பழைய நெருக்கம் உடனே திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் நியாயமானதாக இருந்தாலும், நடுவில் கழிந்த காலத்தில் அமிட்டியும் அவள் கூட்டமும் வில்லோவை நடத்திய விதம் அமிட்டியின் கணக்கில்தான் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பழி முழுவதையும் மூன்றாவது ஆளின் தலையில் கட்டிவிட்டால் நண்பர்கள் இருவரும் சுத்தமாகிவிடுவார்கள், மன்னிப்பதற்கும் எதுவும் மிஞ்சாது. மந்திரம், மனக்கட்டுப்பாடு, நினைவிழப்பு மூன்றும் இதே குறுக்குவழிதான்.

துரோகத்தைப் பற்றிக் கீழே, செயலும் சொல்லும் வரும் வரிசையைச் சொல்லும்போது பார்ப்போம். கொள்கை வேறுபாட்டில், யாராவது ஒருவர் கொள்கையை விட்டால்தான் சேர முடியும் என்று நினைக்க வேண்டாம். 1992 முதல் 1997 வரை வந்த எக்ஸ்-மென் அனிமேஷன் தொடரின் கடைசி எபிசோடில், மனிதரோடு இணங்கி வாழ வேண்டும் என்ற சேவியர் சாகக் கிடக்கிறார். மனிதரோடு மோதுவதுதான் வழி என்ற அவருடைய பழைய நண்பர் மேக்னீட்டோ, தான் தொடங்கவிருந்த போரை அப்படியே விட்டுவிட்டு வருகிறார். வாதத்தில் யார் சரி என்பது அப்போதும் தீரவில்லை.

இருவருக்கும் தனித்தனிக் கணக்கு

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் ஒருவர் குரலிலும் வலது பக்கம் மற்றவர் குரலிலும் நடந்ததைப் பத்துப் பத்து வரிகளில் எழுதுங்கள். "அவள் செய்தது", "நான் இழந்தது", "நான் செய்து ஒப்புக்கொள்ளாதது" மூன்றும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நிகழ்வைத்தான் காயமாகச் சொல்கின்றன என்றால் பிரிவு இன்னும் தட்டையாகவே இருக்கிறது.

'ஷீ-ரா' தொடரில் (2018–2020, ஐந்து சீசன்) அடோராவும் கேட்ராவும் ஒரே படையில் சேர்ந்து வளர்ந்தவர்கள், அடோரா அதை விட்டு எதிரணிக்குப் போகிறாள். அடோராவின் பக்கத்தில் "கூட வா என்று கூப்பிட்டேன், வர மறுத்தாள்" என்று இருக்கும். கேட்ராவின் பக்கத்தில் "என்னை விட்டுட்டுப் போயிட்டாள்" என்று இருக்கும். நடந்தது ஒன்றுதான், இரண்டும் உண்மைதான். இப்படி ஒரு இடைவெளி கிடைத்தால் பல சீசன்களுக்குத் தீனி இருக்கிறது.

கணக்கு எழுதும்போதே பழைய நட்பின் மூன்று தடயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: சேர்ந்து செய்த ஒரு பழக்கம், இருவருக்கு மட்டும் புரியும் ஒரு கிண்டல், கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருள். "நாங்க எவ்வளவு நல்ல நண்பர்களா இருந்தோம்" என்று வசனத்தில் சொல்வதால் எதுவும் நடக்காது. இழந்தது என்ன என்று கண்ணால் பார்க்காதவர், அது திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்பட மாட்டார். ஃபிளாஷ்பேக் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், சீசனுக்கு இரண்டு போதும். இரண்டாவது ஃபிளாஷ்பேக், முதலாவதில் பார்த்த அதே நிகழ்வை மற்றவர் கண்ணில் காட்டினால் புதுப் பின்னணி வரையும் செலவும் மிச்சமாகும்.

செயல் முதலில், சொல் பிறகு

வரிசைதான் இதில் உயிர். தவறு செய்தவர் தான் செய்ததைத் தனியாக உணர வேண்டும். அதன் பிறகு தனக்கு இழப்பு வரும்படி ஒன்றைச் செய்ய வேண்டும், அதற்குப் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல். மன்னிப்பு அதற்கப்புறம். பிறகு ஒரு இடைவெளி. கடைசியில், பழைய தவறை மறுபடி செய்ய வாய்ப்பு வந்து, இந்த முறை செய்யாமல் இருப்பது.

பெரும்பாலான வரைவுகளில் மன்னிப்பு முதலில் வந்துவிடும். அழுகை, கட்டிப்பிடிப்பு, அடுத்த காட்சியில் சேர்ந்து சண்டை. பார்வையாளர் நம்ப மாட்டார், ஏனென்றால் கேட்டவருக்கு எந்தச் செலவும் ஆகவில்லை. ஷீ-ராவின் கடைசி சீசனில் இந்த வரிசை சரியாக விழுந்திருக்கிறது. வில்லன் ஹோர்டு பிரைமின் கப்பலிலிருந்து அடோராவின் தோழி கிளிம்மரைத் தப்ப வைத்துவிட்டு கேட்ரா அங்கேயே நின்றுவிடுகிறாள். அடோராவிடம் அவள் கேட்கும் மன்னிப்பு அந்த இடத்தில் வருகிறது, தன்னை யாரும் காப்பாற்ற வருவார்கள் என்ற எண்ணமே இல்லாத இடத்தில். அடோரா அவளை மீட்டு வந்த பிறகும் கேட்ரா திடீரென்று சாதுவாகிவிடுவதில்லை. முறைக்கிறாள், எரிந்து விழுகிறாள். அந்தக் கசடு இல்லையென்றால் மாற்றம் பொம்மைத்தனமாக இருந்திருக்கும்.

செலவு என்றதும் உயிரைக் கொடுப்பது என்று போய்விடாதீர்கள். தவறு செய்தவரைக் காப்பாற்றும்போது சாகடிப்பது எழுதுபவருக்குத்தான் வசதி. மன்னித்த மறுநாள் ஒரே மேசையில் எப்படி உட்காருவது என்ற கடினமான காட்சியை அவர் எழுத வேண்டியதில்லை.

நண்பர்கள் ஒரு குழுவாக இருந்தால் குழு முழுவதும் ஒரே காட்சியில் மன்னிக்கக் கூடாது. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' மூன்றாம் சீசனில் முன்பு எதிரியாக இருந்த ஸூகோ நாயகன் ஆங்கின் குழுவில் சேர்ந்த பிறகு ஆங்கோடு ஒரு எபிசோடு, சோக்காவோடு இரண்டு, கட்டாராவோடு ஒன்று எனத் தனித்தனியாகப் போகிறான். கட்டாரா கடைசி, அதற்குக் காரணமும் இருக்கிறது. பா சிங் சேயின் குகையில் அவனை நம்பி ஏமாந்தவள் அவள். அதிகம் நம்பியவர் கடைசியில்தான் மன்னிப்பார். வரிசை போடத் தெரியாமல் திணறும்போது இந்த ஒரு விதி கைகொடுக்கும்.

மறுப்பதற்கும் இடம் வையுங்கள்

காயப்பட்டவரால் "முடியாது" என்று சொல்ல முடிந்தால்தான் அவர் "சரி" என்பதற்கு மதிப்பு. 'போஜாக் ஹார்ஸ்மேன்' முதல் சீசனில் (2014) நெருங்கிய நண்பர் ஹெர்ப் வேலையை விட்டுத் துரத்தப்பட்டபோது, தொடரின் நாயகன் போஜாக் அவருக்காக நிற்கவில்லை. பல வருடம் கழித்து, ஹெர்ப் புற்றுநோயில் கிடக்கும்போது போஜாக் மன்னிப்புக் கேட்க வருகிறார். ஹெர்ப் மன்னிக்க மறுக்கிறார். வேலை போனதைவிட, அதன் பிறகு நண்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதே அவருடைய காயம். தன் மனம் ஆறுவதற்காகக் கேட்கப்படும் மன்னிப்பு இது என்பதும் அவருக்குத் தெரிகிறது.

உங்கள் கதைக்கு மறுப்புதான் முடிவா என்று பார்க்க ஒரு சோதனை: மன்னிப்புக் கேட்கும் காட்சியில் கேட்பவரின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து, "நான்" எத்தனை முறை தன் வேதனையைச் சொல்கிறது, எத்தனை முறை தான் செய்ததைச் சொல்கிறது என்று எண்ணுங்கள். வேதனை அதிகமென்றால் இன்னும் நேரம் வரவில்லை. அதை மறுக்கும் காட்சியாகவே எழுதிவிடுங்கள், அது பொய்யான சமரசத்தைவிட வலுவாக நிற்கும்.

சீசனுக்குள் எங்கே வைப்பது

பத்து எபிசோடு சீசன் என்று கொள்வோம். பிரிவின் காரணம் இரண்டாவதுக்குள் ஓரளவாவது தெரிய வேண்டும். நான்காவதில் நேருக்கு நேர் சந்திப்பு, முக்கியமானதைப் பேசாமலே. ஐந்து அல்லது ஆறில் வேறு வழியில்லாமல் ஒத்துழைப்பு. ஏழில் அது உடைகிறது. எட்டில் செலவுள்ள செயல், ஒன்பதில் பேச்சு. பத்தாவதில் பேச்சே வேண்டாம், பழகும் விதம் மாறியிருந்தால் போதும்.

ஐந்து–ஆறு ஒரு பொறி. இருவரையும் ஒரே அறையில் பூட்டி, பொது எதிரியைக் கொடுத்து, நகைச்சுவையாக ஜெயிக்க வைத்தால் சமரசம் ஆகிவிட்டது போலத் தோன்றும். ஒத்துழைப்பு வேறு, மன்னிப்பு வேறு. பழைய கிண்டல் ஒரு கணம் எட்டிப் பார்க்கட்டும், சிரிப்பு வாய்வரை வந்து நிற்கட்டும். அதற்கு மேல் கொடுத்தால் ஒன்பதாவதுக்கு எதுவும் மிஞ்சாது.

எபிசோடுகள் எந்த வரிசையிலும் ஒளிபரப்பாகும் 11 நிமிடத் தொடர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. முறிவும் சேர்க்கையும் அந்த 11 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆகவே காயத்தைச் சின்னதாக வையுங்கள்.

மன்னிப்பு வசனம்

செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "ஆனா" வரக் கூடாது. "உனக்கு வருத்தமா இருந்தா" என்ற நிபந்தனை வரக் கூடாது. பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது.

சொதப்பல்: "நடந்ததுக்கெல்லாம் சாரி. ஆனா என் நிலைமை உனக்குத் தெரியாது. மறுபடி நண்பர்களா இருக்கலாமா?"

திருத்தியது: "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா உன்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் சும்மா நின்னேன்."

இரண்டாவதுக்கு மற்றவர் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. "தெரியும்" என்ற ஒரு சொல் போதும். பழைய செல்லப் பெயரை இந்தக் காட்சியில் செலவழிக்காதீர்கள். பத்தாவது எபிசோடில், சாதாரணமாக ஏதோ கேட்கும்போது, ஒரே ஒரு முறை வரட்டும்.

படத்தில் எப்படி வரும்

ஸ்டோரிபோர்டில் (காட்சிகளை ஷாட் ஷாட்டாக வரைந்து வைக்கும் திட்டம்) பிரிவுக் காலம் முழுவதும் இருவரையும் தனித்தனி ஷாட்டில் வையுங்கள். ஒரே ஷாட்டில் வர வேண்டியிருந்தால் நடுவில் ஒரு தூணோ கதவு நிலையோ இருக்கட்டும். இருவரும் தடையில்லாமல் சேர்ந்து தெரியும் டூ-ஷாட்டை ஒன்பதாவதுக்குச் சேமித்து வைத்தால், காரணம் தெரியாமலே பார்வையாளருக்கு மூச்சு இலகுவாகும்.

மௌனத்துக்குப் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் என்றால் இரண்டு நொடி மௌனம் 48 பிரேம். முழு அசைவில் ஒரு வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 24 வரைபடம் வேண்டும். இங்கே ஒரே வரைபடத்தைப் பிடித்து நிறுத்தி, ஒரு இமைப்பும் பார்வை விலகலும் மட்டும் சேர்த்தால் ஐந்தாறு வரைபடத்தில் முடிந்துவிடும். தொடரின் மிக உருக்கமான கணம் மிக மலிவான கணமாகவும் அமையலாம். அனிமேட்டிக்கிலேயே (ஸ்டோரிபோர்டு படங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் முன்வரைவு) இந்த மௌனத்தின் நீளத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் நேரம் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

கட்டிப்பிடிப்பது நேர்மாறு, செலவு கூடியது. கட்-அவுட் ரிக்கில் (துண்டு துண்டான பாகங்களை இணைத்து அசைக்கும் இருபரிமாண உருவம்) ஒருவர் கை மற்றவர் முதுகுக்குப் பின்னாலும், அதே கையின் விரல்கள் முன்னாலும் வர வேண்டும். கையைத் துண்டாக்கி லேயர் வரிசையை மாற்றாமல் அது நடக்காது. முப்பரிமாணத்தில் உடல்களும் உடைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும், திருத்த நாள்கள் போகும். கட்டாயம் வேண்டுமென்றால் திரைக்கதைக் கட்டத்திலேயே தயாரிப்புக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். கணக்கெழுதும்போது குறித்த அந்தப் பொருளை ஒருவர் நீட்ட மற்றவர் வாங்குவது பெரும்பாலும் இதைவிட நன்றாக இருக்கும், ஒரு கையின் குளோசப்பில் முடிந்தும்விடும்.

குரல் பதிவில் நடிகர்களைத் தனித்தனியாகப் பதிவு செய்வது பல இடங்களில் வழக்கம் என்றாலும், இந்த ஒரு காட்சிக்கு முடிந்தால் இருவரையும் ஒன்றாக நிற்க வையுங்கள். ஒருவர் பேச்சு மற்றவர் மூச்சில் ஏறி விழுவதை எடிட்டிங்கில் செய்ய முடியாது.

சேர்ந்த பிறகு என்ன

சேர்வது என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது அல்ல. 'நருட்டோ' தொடரில், நண்பர்களாக இருந்து எதிரிகளான நருட்டோவும் சாஸ்கேயும் கடைசிச் சண்டையில் ஆளுக்கொரு கையை இழந்து, நகர முடியாமல் கிடக்கும்போதுதான் பேசுகிறார்கள். அதன் பிறகு சாஸ்கே கிராமத்தில் தங்குவதில்லை, தனியாகப் பயணம் போகிறான். நட்பு திரும்பியது, பழைய வாழ்க்கை திரும்பவில்லை.

ஆகவே பத்தாவது எபிசோடுக்கு முன் இருவர் கணக்குத் தாளையும் மறுபடி எடுத்து, தீர்ந்தவற்றை அடித்துவிடுங்கள். குறைந்தது ஒரு வரியாவது தீராமல் இருக்க வேண்டும். பிறகு வசனத்தை நீக்கிவிட்டு அனிமேட்டிக்கை, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, யார் யாருக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். தவறு செய்தவர் யார் என்பதை அவர் மாற்றிச் சொன்னால், காயப்பட்டவரை அதிகம் கெஞ்ச வைத்திருக்கிறீர்கள். எட்டாவது எபிசோடுக்குத் திரும்பிப் போய் அங்கே திருத்துங்கள், ஒன்பதாவதின் வசனத்தில் அல்ல.