பார்கோடு லேபிள் அடிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் அச்சுக்கடைக்கு இரண்டு ரோல் லேபிளோடு வந்தார். வெளியே அடித்து வாங்கியவை. கோடுகள் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தன. ஸ்கேனர் மட்டும் ஒரு தடவைகூட பீப் அடிக்கவில்லை.

பார்த்ததும் காரணம் புரிந்தது. கோட் 128 என்ற பார்கோடு வகையின் எழுத்துருவைப் போட்டு, 'பி ஆர் டி 7' (PRT7) என்ற ஆங்கில எழுத்துகளை நேராகத் தட்டியிருக்கிறார்கள். கோட் 39 என்ற இன்னொரு வகையில் இப்படிச் செய்யலாம். முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் வேலை முடிந்தது. (அதிலும் சின்ன எழுத்துக்கு இடமில்லை. பெரிய எழுத்து, எண், ஏழு குறிகள், மொத்தம் 43தான்.) கோட் 128 அப்படியல்ல. தொடக்கக் குறி, முடிவுக் குறி, அதற்கு முன்னால் படித்தது சரியா என்று பார்க்க ஒரு சோதனை எழுத்து, மூன்றும் கட்டாயம்.

அந்தச் சோதனை எழுத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கோட் 128-இல் எழுத்துகளுக்கான 'பி' (B) தொகுதியில் தொடக்கக் குறியின் மதிப்பு 104. நம் நான்கு எழுத்துகளுக்கு 48, 50, 52, 23. ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்தால் பெருக்கினால் 48, 100, 156, 92. தொடக்கக் குறியின் 104-ஐயும் சேர்த்தால் மொத்தம் 500. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 88. அந்த மதிப்புக்கு உரியது சின்ன 'எக்ஸ்'. தொடக்க, முடிவுக் குறிகளும் அந்த எக்ஸுக்கான கோடுகளும் இல்லாததால்தான் ஸ்கேனர் வாய் திறக்கவில்லை. லேபிள் மென்பொருளில் பார்கோடு வகையைத் தேர்ந்தெடுத்தால் இதையெல்லாம் அதுவே செய்துவிடும், எழுத்துருவை நம்பாதீர்கள்.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கும் தவறு: பார்கோடைப் படமாக ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்குவது. 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. மிக மெல்லிய கோடு இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என முழுப் புள்ளிகளாகத்தான் விழ முடியும். இரண்டரை என்று வந்தால் ஒரு கோடு தடிக்கும், பக்கத்துக் கோடு மெலியும். கோட்டின் அகலம்தானே அங்கே எழுத்து! இடம் போதவில்லை என்றால் 'சி' தொகுதிக்கு மாறுங்கள். அது இரண்டிரண்டு எண்களை ஒரே குறியில் அடக்கும். இரண்டு புள்ளி அளவில் 12 இலக்கம் 'பி' தொகுதியில் 41.75 மி.மீ. பிடிக்கும், 'சி'யில் 25.25 போதும். 38 மி.மீ. லேபிளில் இருபுறமும் வெள்ளை ஓரம் விட்டும் அடங்கிவிடும். அந்த ஓரத்தில் விலையையோ பெயரையோ அடிக்காதீர்கள்.

எக்ஸெலில் 13 இலக்க எண்ணைப் போடும்போது கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 8.9-க்குப் பின்னால் 'ஈ' போட்டுச் சுருக்கிக் காட்டும். அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். 890-இல் தொடங்கும் எண்ணை நாமே இட்டுக்கட்டவும் கூடாது, அவற்றை வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடம் பெற வேண்டும். உங்கள் கடைக்குள் மட்டும் ஓடும் சரக்கு என்றால் சொந்த எண் போதும்.

சிவப்பில் கோடு வேண்டாம். பெரும்பாலான ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு. அதன் கண்ணுக்கு அந்தக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும்.

தமிழில் பார்கோடு கேட்பவர்களும் உண்டு. கேட்கும்போதே மனசுக்கு நிறைவாக இருக்கும். கோட் 128-க்குத் தமிழ் எழுத்து தெரியாது, கியூஆர் தாங்கும். 'கடலூர்' என்ற சொல்லுக்கு யூடிஎஃப்-8-இல் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 18 பைட் ஆகும் என்பதை மனத்தில் வைத்து, கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே அடியுங்கள்.