விமான நிலையத்திலிருந்து விடுதிவரை: கடற்கரைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய வாகனத் தவறுகள்

தாய்லாந்துக்குப் புறப்படப் பதினைந்து நாட்கள் இருக்கையில், ஒரு குடும்பத்தினர் தாங்களே இணையத்தில் செய்த வாகனப் பதிவின் தாளைக் கொண்டுவந்து, "எல்லாம் சரியோ எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று என் மேசையில் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. தாளின் மூன்றாவது வரியில் இருந்த திகதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. 2016 இல் நான் செய்த அதே தவறு, ஏறக்குறைய அதே வரியில் இருந்தது.

கடவுச்சீட்டை மறக்க வேண்டாம், பெட்டிக்குப் பூட்டுப் போடவேண்டும் என்பவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவற்றை வீட்டில் அம்மா பத்துத் தடவை சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகின்ற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

நள்ளிரவு கடந்த விமானமும் தவறிய திகதியும்

அந்த ஆண்டு டிசெம்பரில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு பேர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். கனடாவிலிருந்து அண்ணா குடும்பத்தினர் அங்கே வந்து சேர்வதாக ஏற்பாடு. கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் விமானம் 22 ஆம் திகதி அதிகாலை 1.15 மணிக்குப் புறப்படும் என்று சீட்டில் தெளிவாகவே இருந்தது. ஆனால் வீட்டில் யாரும் அதை 22 என்று சொல்லவில்லை. 21 மத்தியானம் வான் வண்டியில் ஏறி ஏழெட்டு மணித்தியாலம் ஓடிப் போகவேண்டும் என்பதால், எல்லோர் வாயிலும் அது "இருபத்தொராந் திகதி இரவுப் பயணம்" ஆகிவிட்டது. பாங்கொக்கில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானத்தில் புக்கெட்டுக்குக் காலை பத்தரைக்குப் போய்ச் சேருவோம். காத்தா கடற்கரை விடுதிக்கு வானொன்றை இணையத்தில் பதிவு செய்தபோது, வந்துசேரும் திகதி என்ற கட்டத்தில் என் விரல் 21 ஐத் தட்டியது. நேரம் சரியாகப் பத்தரை.

21 காலை பத்து மணியளவில், நான் முற்றத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, 66 என்று தொடங்கும் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து பரிசு விழுந்ததாகச் சொல்லும் ஏமாற்று அழைப்பாக இருக்கும் என்று துண்டித்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் துண்டித்தேன். அந்நேரம் தாய்லாந்தில் பதினொன்றரை. சாரதி ஒரு மணித்தியாலம் காத்துநின்று, கடைசி முயற்சியாக எடுத்த அழைப்பு அது என்பது மறுநாள்தான் விளங்கியது.

மறுநாள் வாசலில் நின்ற ஐம்பது அறுபது பெயர்ப்பலகைகளில் எங்கள் பெயர் இல்லை. அம்மா பெட்டியின்மேல் அமர்ந்துவிட்டார். சின்னவள் கடல் எங்கே என்று கேட்டபடி இருந்தாள். நிறுவனத்துக்கு எழுதினேன், பதிலாக ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த சாரதி எங்கள் பெயரைப் பிழையின்றி எழுதிய பலகையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறார். படத்தின் மூலையில் முந்தைய நாளின் திகதியும் நேரமும் பதிந்திருக்கின்றன. அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? கட்டிய பணம் திரும்பவில்லை. நிலையத்தின் கருமபீடத்தில் 2,000 பாத் கொடுத்து வேறு வான் எடுத்தோம். பண்டிகைக் காலம் என்பதால் பேரம் பேசவும் இடமிருக்கவில்லை.

இத்தவறைச் செய்பவர்களை நான் மூடர்கள் என்று சொல்லமாட்டேன். நம்முடைய நாள் பொழுது விடியும்போது தொடங்குகிறது. பஞ்சாங்கக் கணக்கும் அதுதான். சிவராத்திரியின் நான்காம் சாமப் பூசை விடியப்புறம் நடந்தாலும் யாரும் அதை மறுநாள் பூசை என்று சொல்வதில்லை. விமானச் சீட்டோ நள்ளிரவு பன்னிரண்டு மணியுடன் நாளை மாற்றிவிடுகிறது. இவ்விரண்டு கணக்கும் மோதுகின்ற இடத்தில்தான் பணம் போகிறது. இதைவிட மோசமானது, 22 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 22 மாலை யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவது. அவர்களுக்கு வாகனமென்ன, விமானமே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இரவு 11.50 க்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலையில்தான் இறங்கும். சீட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக +1 என்று இருக்கும். அதைக் கவனியாமல் புறப்படும் திகதியையே வந்துசேரும் கட்டத்தில் இடுகிறார்கள். சீட்டிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னே, பாலி இரண்டரை மணித்தியாலம் முன்னே, மாலைதீவு அரை மணித்தியாலம் பின்னே.

படிவத்தை வெளிநாட்டு உறவினர் நிரப்பினால் ஆபத்து இரட்டிப்பாகும். 04/05 என்பது நமக்கு மே மாதம் 4. அமெரிக்க வழக்கில் பழகியவருக்கு ஏப்ரல் 5.

என் கடைக்கு வருபவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். திகதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்: "22, வியாழக்கிழமை காலை" என்று எழுதிய பின் பிழை விடுவது கடினம். வாகனப் பதிவின் திகதியை விடுதிப் பதிவின் முதல் நாளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பல சேவைகள் 24 மணித்தியாலத்துக்கு முன்வரை இலவசமாக மாற்றவோ இரத்துச் செய்யவோ விடுகின்றன. ஆகவே மூன்று நாட்களுக்கு முன் ஒரு தடவை, பதிவு செய்யாத வேறொருவரைக்கொண்டு உரத்து வாசிக்கச் செய்யுங்கள். பதிவு செய்தவரின் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

கடைசி விமானத்தின் இலக்கம்

இலக்கத்தைக் கொடுத்தால் நிறுவனம் விமானம் தாமதமாவதைப் பார்த்துச் சாரதியை அனுப்பும். காத்திருப்பு நேரமும் பெரும்பாலும் விமானம் தரையிறங்கிய பிறகே எண்ணப்படும். பலர் கொடுக்கிறார்கள்தான், ஆனால் கட்டுநாயக்கவில் ஏறும் விமானத்தின் இலக்கத்தைக் கொடுக்கிறார்கள். அது பாங்கொக்கில் இறங்கிவிடும். வாகனம் காத்திருக்கும் நிலையத்தில் எந்த விமானம் இறங்குகிறதோ அதன் இலக்கம்தான் வேண்டும். பாங்கொக்கில் சுவர்ணபூமி, டொன் முவாங் என இரண்டு நிலையங்கள் இருப்பதும், ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரத்தின் நெரிசலைக் கடந்து போகவேண்டும் என்பதும் மலிவான சீட்டு எடுத்த பிறகுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

கடற்கரை பக்கத்தில்தான் என்று நம்புதல்

புக்கெட் விமான நிலையம் தீவின் வட முனையில் இருக்கிறது. நம்மவர்கள் விரும்பும் பாத்தோங், காத்தா கடற்கரைகள் அதற்குத் தெற்கே இருக்கின்றன. பாத்தோங்குக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர், அதாவது பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு உள்ள தூரத்தின் இருமடங்கு. காத்தா அதற்கும் அப்பால். விடுதி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர்கள் வாகனச் செலவையும் கூட்டிப் பார்ப்பதில்லை. பாலியில் நிலையத்திலிருந்து கூத்தா கடற்கரை சில கிலோமீற்றர்தான், ஆனால் உபுத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். உபுத்தில் கடலும் இல்லை.

தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு, புக்கெட்டின் மேற்குக் கடற்கரை வழியாக ஓடும் பேருந்து மிக மலிவு. ஆறு பேருக்கு மேல் என்றால் தனி வான்தான் கணக்குக்கு வரும்.

பங்கு வான் நடுவழியில் நிற்கும்போது

புக்கெட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றும் பங்கு வான்கள் பாதி வழியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தின் முன் நிறுத்தப்படுவது வழக்கம். ஒரு பெண் புன்னகையோடு வந்து விடுதியின் பெயரைக் கேட்பார், பிறகு தீவுச் சுற்றுலாப் படங்களை விரிப்பார். பயப்பட ஒன்றுமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசனத்திலேயே இருக்கலாம். அந்த இருபது நிமிடத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

செயலியை அங்கே போய் இறக்குதல்

வாகனம் அழைக்கும் கிராப் போன்ற செயலியில் கட்டணம் முன்பே தெரியும், வாகன இலக்கமும் சாரதியின் படமும் தெரியும், ஓடும் வழியை வீட்டாருக்கு அனுப்பவும் முடியும். இரவில் தனியே இறங்கும் பெண்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன். ஆனால் புதிதாகப் பதிவு செய்யும்போது நம் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் ஒரு குறியீடு வரும். வெளிநாட்டில் இலங்கைச் சிம் வேலை செய்யாவிட்டால் அது வராது. யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். வண்டி வந்ததும் இலக்கத்தகட்டைப் பார்த்த பிறகே பெட்டியைக் கொடுங்கள்.

"உங்கள் வண்டி வராது" என்று சொல்லி அழைப்பவர்

அவரோடு போகவேண்டாம்.

ஆட்களை எண்ணிப் பெட்டிகளை எண்ணாமை

நாலு பேர் ஏறும் காரில் நாலு பெரிய பெட்டிகள் ஏறா. உறவினருக்கென்று பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் கட்டிய அட்டைப்பெட்டியும் ஒரு பெட்டிதான்.

மாலைதீவைத் தரைவழி நாடாக நினைத்தல்

கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு என்பதால் மாலைதீவை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்குள்ள வெலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் உள்ளது. 2018 இல் திறந்த பாலத்தின் வழியே தலைநகர் மாலேக்கும், தரைவழியாகவே பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்கும் காரில் போகலாம். மற்ற எங்கும் படகு, கடல்விமானம் அல்லது உள்நாட்டு விமானம். கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்குபவர் அன்றைக்குத் தீவுக்குப் போகமுடியாமல் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓரிரவு அறைக்குப் பணம் கட்டவேண்டும். விடுதியில் கட்டிய முதலிரவும் வீணாகும். சீட்டு எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். கடல்விமானக் கட்டணமும் ஒருவருக்குப் போய்வர நூற்றுக்கணக்கான டொலர். அறை வாடகையில் அது பெரும்பாலும் சேர்வதில்லை.

மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகளுக்கு வேகப்படகில் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகும். அரசாங்கப் படகு அதைவிட மிகமிக மலிவு, ஆனால் மாலேயிலிருந்துதான் புறப்படும், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், வெள்ளிக்கிழமை ஓடாது. வெள்ளியன்று அதை நம்பி இறங்கிய இளம் தம்பதியர் துறைமுகத்திலிருந்து எனக்கு எடுத்த அழைப்பில், பின்னணியில் பள்ளிவாசல் பாங்கொலி கேட்டது. எனக்கு விடயம் அப்போதே விளங்கிவிட்டது.

பாலியில் நியெப்பி நாள்

பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் அந்த மௌன நாளில் பாலி விமான நிலையமே 24 மணித்தியாலம் மூடப்படும், வீதியில் வாகனமும் இல்லை. நாட்காட்டியைப் பாருங்கள்.

திரும்பும் பயணத்தை அங்கே போய் யோசித்தல்

மாலைதீவின் சில விடுதித் தீவுகள் விருந்தினர் மாலை வெளிச்சத்தைக் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முன்னே வைத்திருக்கின்றன. படகு எந்த நேரத்தின்படி வருகிறது என்று வரவேற்பறையில் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். புக்கெட்டில் காத்தாவிலிருந்து நிலையத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் வைத்தால், மழைக்கும் நெரிசலுக்கும் ஈடுகொடுக்கும்.

கட்டுநாயக்கவில் நள்ளிரவு கடந்து இறங்குபவர்களுக்குத் திகதிச் சிக்கல் ஊர் வானிலும் காத்திருக்கிறது. 20 ஆம் திகதி 12.40 க்கு இறங்க, வான் யாழ்ப்பாணத்திலிருந்து 19 மத்தியானமே கிளம்பியிருக்கவேண்டும். இதை எந்த இணையப் படிவமும் என்னிடம் கேட்டதில்லை. கொக்குவிலில் நான் வழமையாக அழைக்கும் வான்காரத் தம்பி மட்டும், திகதியைச் சொன்னவுடனேயே ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்பான்: "அண்ணை, இருபது விடியப்புறமோ, இருபது இரவோ?"