கன்று போடுமுன் விலாவைப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வெயில் காலத்தில் இறைச்சி மாடுகள் பெரும்பாலும் அறுத்த வயலின் தாளையும் காய்ந்த புல்லையும்தான் மேய்கின்றன. வயிறு நிறையும், சக்தி போதாது. 250 கிலோ பசுவுக்கு ஒரு நாளைக்கு உலர்நிறையில், அதாவது தண்ணீரைக் கழித்த எடையில், ஏறத்தாழ 5 கிலோ தீவனம் வேண்டும். பச்சைப் புல்லென்றால் அது 25 கிலோ வரை போகும், புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தானே.

சினையின் கடைசி 3 மாதத்தில் விலா எலும்புகளை எண்ண முடிகிறதா? அப்போதே தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுங்கள். கன்று போட்ட பிறகு தேற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பால் சுரக்கும்போது தேவை இன்னும் கூடிவிடும், பாவம், தன் உடம்பைக் கரைத்துத்தான் கன்றுக்குக் கொடுக்கும். மெலிந்த பசு மறுபடி சினைப்படவும் நாளாகும். அப்புறம், தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.