ஜப்பானில் வீடு பார்க்கும்முன் ஊர்ப்பெயரைப் பாருங்கள்

ஜப்பானில் வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய வேலைகளை உங்கள் அலுவலகமே சொல்லிவிடும். குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். உங்கள் பெயரைக் கத்தகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து, வங்கி, சம்பளம், செல்போன் எல்லாவற்றுக்கும் அதே எழுத்தைக் கொடுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும். நான் எழுத வந்தது வீடு எடுக்கப்போகும் இடத்தின் பெயரைப் பற்றி.

என் நண்பர் ஒருவர், மதுரைக்காரர், 2019இல் மனைவி, கைக்குழந்தையோடு டோக்கியோவை ஒட்டிய தாமா ஆற்றுப் பக்கம் வீடு எடுத்தார். ஊர்ப்பெயர் 'ஓகா' என்று முடிந்தது. ஓகா என்றால் குன்று. பெயரிலேயே குன்று இருக்கிறது, மேட்டு நிலம், பயமில்லை என்று தரகர் சொன்னார். வாடகையும் குறைவு. தாளில் முதல் மாடி என்று இருந்தது. இங்கே முதல் மாடி என்றால் நம் ஊர்க் கணக்கில் தரைத்தளம்.

அக்டோபர் 12 இரவு, அந்த வருடத்தின் 19ஆம் எண் புயல் வந்தது. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைக் குழியிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். காலையில் போய்ப் பார்த்தால் தாதாமி பாய்கள் ஊறி உப்பி, நடுவில் கூடாரம் போல எழும்பி நின்றன. அடித்தட்டில் வைத்திருந்த சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் சேறு.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது காப்பீட்டு விஷயத்தில்தான். வாடகை வீட்டோடு கட்டாயமாக வாங்க வைத்த தீ காப்பீட்டில் 'தண்ணீர்ச் சேதம்' என்ற கட்டத்தில் வட்டம் போட்டிருந்தது. ஆனால் அது 'மிசுநுரே', அதாவது குழாய் உடைந்து நனைவது. வெள்ளத்துக்கு 'சுய்சாய்' என்று தனிக் கட்டம். அது காலி. ஒரு யென்கூட வரவில்லை. கையெழுத்துப் போடும்முன் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சரி, பெயருக்கு வருகிறேன். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த பஸ் நிறுத்தத்தின் பெயர் 'நுமா' என்று முடியும். நுமா என்றால் சதுப்பு. மனைகளைப் போட்டு விற்கும்போது ஊர்ப்பெயரை மாற்றிவிட்டார்கள். நிறுத்தத்தின் பெயரை யாரும் தொடவில்லை. பஸ் நிறுத்தம், பழைய ஆரம்பப் பள்ளி, பாலம், கோயில், இவற்றில்தான் பழைய பெயர் உயிரோடு இருக்கும். வீடு பார்க்கப் போகும்போது இவற்றைப் படித்துக்கொண்டே நடங்கள்.

பழவந்தாங்கல் என்றாலே தாங்கல் இருந்த இடம் என்று நமக்குப் புரியும். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இங்கேயும் அதேதான், எழுத்துதான் தெரியவில்லை. இகே குளம், சாவா ஓடைச் சதுப்பு, மிசோ கால்வாய், ஹாமா கடற்கரை. இந்த எழுத்துகளின் இடப்பக்கம் மூன்று சின்னத் துளிகள் இருக்கும், அதற்கு 'சன்சுய்' என்று பெயர். கான்ஜி, அதாவது ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து, எதுவும் தெரியாதவர்கூட இந்த மூன்று துளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். துளி இல்லாத எழுத்தும் உண்டு. 'யா' அல்லது 'தானி' பள்ளத்தாக்கு. டோக்கியோவின் ஷிபுயாவில் கின்சா தடத்துச் சுரங்க ரயில், நிலையக் கட்டடத்தின் மூன்றாவது தளத்துக்கு வருகிறதே, ஏன்? ரயில் ஏறி வரவில்லை, நிலம்தான் பள்ளத்தாக்காகத் தாழ்ந்து கிடக்கிறது. 'ஒச்சியாய்' என்றால் ஆறுகள் கூடும் இடம். டோக்கியோவின் ஒச்சியாயில் கந்தா ஆறும் மியோஷோஜி ஆறும் கலந்தன.

மங்கலமான எழுத்தை நம்பாதீர்கள். ஊர்ப்பெயர்களை நல்ல எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 713இலேயே அரசாணை வந்துவிட்டது. கறிவேப்பிலை வாங்க நாம் போகும் ஷின் ஓகுபோவைப் பாருங்கள். 'குபோ' என்பதை 'நெடுங்காலம் காத்தல்' என்ற பொருள் தரும் எழுத்துகளில் எழுதுகிறார்கள். ஓகுபோ என்பது பெரிய பள்ளத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஒசாகாவின் உமேதா இன்று 'பிளம் வயல்', முன்பு 'தூர்த்த வயல்'. ஜியூகாஓகா, அதாவது சுதந்திரக் குன்று, ஒரு பள்ளியின் பெயரிலிருந்து வந்தது. அங்கே ரயில் நிலையம் இருப்பதோ தாழ்வான பகுதியில்.

ஆள் பெயர்களும் நிலத்தைத்தான் பேசும். சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று 1875இல் சட்டம் வந்தது. தானாகா வயல்நடு, யமாமொதோ மலையடி, கொபாயாஷி சிறுகாடு. என் பக்கத்து வீட்டு மூதாட்டியின் பெயர் குபோதா, பள்ளத்து வயல். நிலத்தைப் பெயரிலேயே சுமக்கும் இவர்கள்மீது எனக்கு ஒரு சொந்தம் தோன்றுகிறது. நாமும் ஊரைப் பெயரில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள்தானே.

ஆனால் பெயர் மட்டும் போதாது. அதே புயலில் முசாஷி கொசுகியில் ஒரு கோபுரக் குடியிருப்பின் நிலத்தடி மின்சார அறை மூழ்கியது. கொசுகி என்றால் சின்ன சுகி மரம், அதில் தண்ணீரே இல்லை. அதனால் 'கசனேரு ஹசாடோ மாப்பு' என்ற, ஆபத்துள்ள இடங்களைக் காட்டும் அரசு இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2020 ஆகஸ்டிலிருந்து, ஒப்பந்தத்துக்கு முன் நடக்கும் 'ஜூயோ ஜிகோ செட்சுமெய்' விளக்கத்தில் வெள்ள வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று தரகர் காட்டியே ஆக வேண்டும். அவசரப்படுத்தினால் எழுந்திருக்காதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் நிஷி கசாய் எடோகவா வார்டில் வருகிறது. அந்த வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே. 2019இல் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று எழுதினார்கள். கடை, பள்ளிக்கூடம், பேச்சுத்துணை எல்லாம் அங்கேதான் என்றால் போங்கள், நானும் தடுக்க மாட்டேன். ஆனால் கீழ்த்தளம் மட்டும் எடுக்காதீர்கள். சுய்சாய் கட்டத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள், எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதையும் அன்றைக்கே கேட்டு வையுங்கள்.