முரண்டு பிடிக்கும் பாட்டியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும்

கிருஷ்ணகிரியில் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கிற என் சித்தி மகளுக்கு இலக்கணமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், வாய் ஒட்டிக்கொள்ளும். அவளோடு மொட்டை மாடியில் வேஷம் போட்டுப் பேசிப் பழகியதில் தெரிந்துகொண்டது இது. (என் ஜெர்மன் அவளைவிட ஒரு படி மட்டம்தான்.)

வசனம் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், அது ஆண்டு விழா நாடகம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் நிலைமையை மட்டும் தமிழில் எழுதுங்கள், ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அவள் சீட்டில் "பாட்டிக்கு மாத்திரை கொடு". என் சீட்டில் "வயது 80, இந்த மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, கேட்காமல் சொல்லாதே". மாத்திரையை நீட்டினாள், நான் "நைன்", அதாவது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரை நிமிடம் முழித்தாள். அப்புறம்தான் "வரூம் நிஷ்ட்?", ஏன் வேண்டாம் என்று கேட்டாள். புத்தகத்தில் நூறு தடவை பார்த்த சொல், அன்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

இன்னொரு வேடிக்கை. நமக்கு நீ, நீங்கள் மாதிரி அங்கே டூ, ஸீ. நோயாளியிடம் ஸீதான் போட வேண்டும். வீட்டுப் பாட்டியை வா போ என்றே கூப்பிட்டு வளர்ந்தவளுக்குப் பாட்டி வேஷத்தைப் பார்த்ததும் டூ வந்துவிட்டது! பேசும்போது திருத்தாமல் குறித்து வைத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்து இரண்டு தப்பை மட்டும் சொன்னேன், அதே காட்சியை ஆள் மாற்றி மறுபடி பேசினோம். நடுவில் தடுமாறினாலும் தமிழுக்குத் தாவக் கூடாது, "வீ பிட்டே?" (என்ன சொன்னீர்கள்?), "லாங்ஸாமர், பிட்டே" (கொஞ்சம் மெதுவாக) என்று கேட்டு, மெதுவாகச் சொல்ல வைத்துச் சமாளிக்க வேண்டும்.

ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 (நடுத்தர நிலை) பேச்சுத் தேர்வில் முதல் பகுதியே இருவர் சேர்ந்து ஏதாவது ஒன்றுக்குத் திட்டம் போடுவதுதான். அதற்கு ஒகேனக்கல் போக ஏற்பாடு செய்து பேசுங்கள்: எத்தனை மணி பஸ், மீன் வறுவல் அங்கேயே வாங்கலாமா, காசு யார் போடுவது. ஒருவர் கட்டாயம் பரிசலுக்குப் பயப்பட வேண்டும், இல்லையென்றால் "யா, யா" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஆள் கிடைக்காத நாளில் பாட்டி பேசுவதை இடைவெளி விட்டுப் போனில் பதிவு செய்து பதில் சொல்லிப் பார்க்கலாம். எனக்கு அதில் அரை மனதுதான், போன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது.